தனித் தம்ளர்

மும்பை சயானில் நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபுக்கு, தாராவியில் தோல் பை தைக்கும் ஒரு பாய் வருவார். நரைத்த தாடி, கசங்காத சட்டை. டீ வாங்கினால் தன் எவர்சில்வர் தம்ளரில்தான் ஊற்றச் சொல்வார். குடித்ததும் தானே கழுவிப் பைக்குள் வைத்துக்கொள்வார். அவருக்கு ஹெபடைடிஸ் பி.

கடைசியாக வந்தபோது ரிப்போர்ட்டை வாசிக்கச் சொன்னார். மகளுக்குக் குர்லாவில் நிக்காஹ். மாப்பிள்ளையோடு சஹனில், எல்லோரும் சேர்ந்து உண்ணும் ஒரே பெரிய தட்டில் கைவைத்து, அவர் சாப்பிட வேண்டும்.

"மாத்திரை நல்லா வேலை செய்யுது பாய். வைரஸ் அளவு கருவியில தெரியவே இல்ல. ஆனா கிருமி முழுசாப் போகல, இன்னொரு டெஸ்ட் பாசிட்டிவ்தான்."

"அப்போ சஹன்ல உக்காரக் கூடாது."

"யாரு சொன்னா? இது முக்கியமா ரத்தம் வழியாப் பரவும். சேந்து சாப்பிட்டா என்னைக்குமே ஒட்டாது. டாக்டர்ட்டயும் கேளுங்க."

நல்ல செய்தி சொன்ன சந்தோஷத்தில் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"என்னைக்குமேயா தம்பி? சின்னப்புள்ளைல எம்மவ என் தட்டுல கை வைப்பா. ஒட்டிக்கிடும்னு தட்டிவிடுவேன். பொறவு அவ பக்கத்துல வாரதே இல்ல."

டீ வந்தது. முதல் தடவையாகக் கடைக் கிளாஸிலேயே குடித்தார். பிறகு குழாயடிக்குப் போய் அந்தக் கிளாஸைக் கழுவிக்கொண்டே நின்றார். டீக்காரர், "போதும் சாச்சா" என்று கை நீட்டியும் கொடுக்கவில்லை.

நிக்காஹில் அவர் எங்கே உட்கார்ந்தாரோ, தெரியாது. லேபில் குழாய் ஓடும் சத்தம் கேட்டால் இப்போதும் எட்டிப் பார்க்கிறேன்.