வாசலில் நின்ற எஸ்தரக்கா

எஸ்தரக்கா இறந்துவிட்டார். காலையில் அவருடைய தம்பி மகன் போன் செய்து, "அத்தை தூக்கத்துலயே போயிட்டாங்கம்மா" என்றான்.

எண்பத்தாறு வயது. அகால மரணம் அல்ல. ஆகவே யாரும் இந்தப் பதிவுக்குக் கீழே அழுகிற பொம்மை போட வேண்டாம்.

அறுபதுகளின் பிற்பகுதியில், விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய கம்பெனியில் இருவரும் வேலை பார்த்தோம். நான் வேதியியல் பட்டத்தோடு மெருகுக் கலவையைச் சோதிக்க வந்தவள். அவர் சுழலும் தட்டில் கோப்பையை வைத்து, விளிம்பில் நீலக் கோடு போடுபவர்.

என் பெயரை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "என்னா கெமிஸ்ட்ரி, சாப்ட்டியா?"

மதியச் சாப்பாட்டின்போது எஸ்தரக்கா வேதாகமக் கதை சொல்வார். யாரையும் மதம் மாற்றும் உத்தேசமில்லை. கதை சொல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான்.

ஆளுக்கொரு கதை பிடித்துப்போயிருந்தது. சூளை மேஸ்திரி கோவிந்தனுக்கு, ராஜா மூன்று பேரை எரிகிற சூளையில் போட்டும் அவர்கள் முடிகூடக் கருகாமல் நடமாடிய கதை.

ஆனால் மேஸ்திரியின் கவலை வேறு. "தூக்கிப் போட்டவனுங்க அனல் தாங்காம செத்தானுங்கன்னு சொன்னீங்களே... அவனுங்க பேரு என்னாங்க?"

பேர் எழுதவில்லை என்றார் அக்கா.

"எப்படி எழுதுவாங்க? சூள வேலக்காரனுங்கதானே" என்று மேஸ்திரி கை கழுவ எழுந்து போனார்.

மங்கலம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வரும் கிளார்க் ரஹீம் பாய்க்கு யோசேப்பின் கதை. "யூசுப் நபி எங்களுக்கும்தாங்க. கெணத்துல தள்ளுன அண்ணன்மாருங்களயே மன்னிச்சாரு பாருங்க, அதான் பெரிய மனசு."

அதை அவர் ஒருநாள் அக்காவைப் பார்த்துச் சொன்னதற்குக் காரணம் இருந்தது.

ஒன்பது வருடங்களுக்கு முன், அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமான வாரத்தில், அவருக்கென்று வைத்திருந்த நகைகளோடு தம்பி சாமுவேல் பம்பாய்க்கு ஓடிப்போனான். கல்யாணம் நின்றது, அப்பா படுத்துவிட்டார், அக்கா வேலைக்கு வந்தார்.

இப்போது அவன் திரும்பி வந்திருந்தான்... எலும்பும் இருமலுமாக.

"பாய், யோசேப்பு மந்திரியான பொறவு மன்னிச்சாரு. நான் இன்னும் கோப்பைக்குக் கோடுல்ல போட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார் அக்கா.

அக்காவின் அப்பா தேவசகாயம் ஐயா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். மகன் வந்த சந்தோஷத்தில் கம்பெனிக்கே வந்து ஒவ்வொருவரையும் கும்பிட்டு அழைத்தார். "ஞாயித்துக்கெழம கோயில் முடிஞ்சி நம்ம வூட்டுல சாப்பாடு. எல்லாரும் வந்துடணும்."

மகளைத் தாண்டிக்கொண்டுதான் போனார். அவரை மட்டும் அழைக்கவில்லை. அக்கா கோடு கோணாமல் போட்டு முடித்தார்.

"அந்தச் சாப்பாட்டுக்குப் போகாதீங்க, எங்க வூட்டுக்கு வந்துடுங்க" என்றேன். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. எந்தக் கணக்குக்கும் ஒரே விடைதான் என்று நம்பிய வயது.

"இந்த வாரம் கோயில்ல நான் வேதபாடம் வாசிக்கிற முறை. அது முடியட்டும்" என்றார்.

போதகர் கொடுத்த பாடம், கெட்ட குமாரன் கதை. சொத்தை அழித்துவிட்டு வரும் இளையவனை, தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு விருந்து வைக்கிற கதை. அனேகருக்கு அதுதான் பிரியமான கதை. எவ்வளவு கெட்டாலும் திரும்பிப் போக ஒரு வீடு உண்டு என்று கேட்பதில் யாருக்குத்தான் ஆறுதல் இல்லை?

விருந்து தொடங்கும் இடத்தில் போதகர் பென்சிலால் கோடு கிழித்துக் கொடுத்திருந்தார். அங்கே நிறுத்த வேண்டும்.

அக்கா நிறுத்தவில்லை.

வயலில் உழைத்துவிட்டு வரும் மூத்தவன், உள்ளே ஆட்டபாட்டம் கேட்டு, வாசலிலேயே நின்றுவிடுவதையும் வாசித்தார். எனக்கென்று ஓர் ஆட்டுக்குட்டிகூடக் கொடுத்ததில்லையே என்று அவன் தகப்பனைக் கேட்பதையும் வாசித்தார். பக்கத்து மேசையில் தூரிகை கேட்கும் அதே குரலில்.

முன்வரிசையில் தேவசகாயம் ஐயா தலை நிமிரவில்லை. சாமுவேல் இருமலை அடக்கப் பார்த்தான்... முடியவில்லை.

கோயிலிலிருந்து நடக்கும்போது கேட்டேன்: "அந்த மூத்தவன் கடைசில உள்ள போனானா?"

"அத எழுதி வைக்கல, கெமிஸ்ட்ரி."

வீட்டின் முன்னால் பந்தல். முதல் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா வாசல் படலுக்கு வெளியே நின்றுவிட்டார். நானும் நின்றேன், நல்ல பசியோடு.

சற்றுப் பொறுத்து ஐயா தனியாக வெளியே வந்தார். "ஊரெல்லாம் கூப்புட்டேன். ஒன்னக் கூப்புடணும்னு தோணல எஸ்தரு. நீதானே வூடுன்னு இருந்துட்டேன். தப்பு. வாம்மா."

"ஒம்போது வருசம்பா."

"ஆமா."

வேறு எதுவும் அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அக்கா என்னோடு வந்திருப்பார் என்றே இன்றும் நினைக்கிறேன்.

உள்ளே போனார். அடுப்படிக்கு அல்ல... ஆண்கள் உட்கார்ந்திருந்த முதல் பந்தியில், நடு இலையில் போய் உட்கார்ந்தார். வீட்டுப் பெண்கள் கடைசியில் மிஞ்சியதைச் சாப்பிட்ட காலம் அது.

"டேய் சாமுவேலு, தண்ணி வையி."

வைத்தான். இருமலில் பாதி இலையில் கொட்டியது.

"தொடச்சிட்டு மறுபடி வையி" என்றார்.

தம்பியை மன்னித்தாரா என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாமுவேலின் பிள்ளைகளை அதட்டி அதட்டிப் படிக்கவைத்தார்.

அடக்கம் நாளை. என் முழங்கால் என்னைப் போகவிடாது.

மேலுலகத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அவருக்கு இருந்தது. அப்படி ஒன்று இருக்குமானால், வாசல் வரை வந்து அழைத்துப் போயிருப்பார்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதல் பந்தியிலேயே உட்காருங்கள், அக்கா.