பாராசூட் சடை

டைபாய்டு வந்து நான் பிழைத்ததில் எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லாருக்கும் சந்தோஷம். என் தலைமுடிக்குத்தான் பிழைக்கக் கொடுத்து வைக்கவில்லை. இடுப்புக்குக் கீழே கிடந்த சடை கொத்துக் கொத்தாய் உதிர்ந்து, மிஞ்சினது ஒரு எலிவால். அதைப் பார்த்துவிட்டு, சிரம்பானிலிருந்து பெண் பார்க்க வந்த கூட்டம் ஒன்று காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போயிற்று. போகிறவர்கள் போகட்டும், காப்பியைக் குடித்துவிட்டுப் போனால் என்னவாம்? இருந்த சீனியையெல்லாம் அதில்தான் போட்டிருந்தோம்.

அப்பா அன்றைக்கே சொல்லிவிட்டார். "லிங்கியிலேருந்து இன்னும் ஒரு இடம் வருது. அதுவும் தட்டிப்போச்சுன்னா ஒந்தாய்மாமனுக்கே முடிச்சிருவோம்."

மாமாவா! அவர் அம்மாவுக்கே மூத்தவர். பெண்டாட்டியை இழந்தவர். வெற்றிலை எச்சிலைத் துப்பினால் பாதி சொந்தச் சட்டையில்தான் விழும். லிங்கிக்காரரையோ நான் பார்த்திருக்கிறேன். ரப்பர் ஷீட் ஏற்ற லாரி ஓட்டிக்கொண்டு வருவார். ஒரு நாள் எங்கள் கோழி குஞ்சுகளோடு ரோட்டைக் கடக்கிற வரைக்கும் ஹாரன் அடிக்காமல் காத்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த மனுஷன்தான் வேண்டும். அதற்கு முதலில் முடி வேண்டும்.

ராசா டவுன் கடைகளில் சவுரி கிடைக்கும். ஆனால் அது அவசரகாலம், காட்டில் கம்யூனிஸ்டுகள், அவர்களைத் தேடிப் பட்டாளம். தோட்டத்தைச் சுற்றி முள்வேலி, வெளியே கால் வைக்கவே ஆயிரம் கேள்வி. பொய்முடி வாங்கப் போகிறேன் என்று கேட்டில் நிற்கிற மலாய்ப் போலீஸ்காரரிடம் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது? நானே செய்துவிடுகிறேன் என்று இறங்கினேன்.

காட்டுக்குள் இருந்த பட்டாளத்துக்கு ஏரோப்பிளேனிலிருந்து சாமான் போடுவார்கள். அந்தப் பாராசூட்டின் கயிறு ஒன்று எப்படியோ எங்கள் வீட்டுக்கு வந்து துணி காயப்போடும் கொடியாகியிருந்தது. அதை அறுத்துப் பிரித்தேன். உள்ளே வெள்ளைவெளேரென்று நைலான் இழை, அப்படி ஒரு வழவழப்பு. அடி ஆத்தி, வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தான் என்று நினைத்தேன். கிழவிக்குச் சவுரி என்றால் வேலை அத்தோடு முடிந்திருக்கும்.

சாயப்பொடி போட்டு வேகவைத்தேன். பானை கறுத்தது, கரண்டி கறுத்தது, என் கை கறுத்தது, நைலான் மட்டும் அசையவில்லை. விளக்குக் கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தடவினேன். தடவினதெல்லாம் என் பாவாடைக்கு வந்து சேர்ந்தது. சனியன் பிடித்த இழை! அப்புறம்தான் அந்த அருமையான யோசனை வந்தது. எங்கள் தோட்டத்தில் எது ஒட்டாவிட்டாலும் ரப்பர் பால்தான். வாளி ஓட்டைக்கும் அதுதான், செருப்பு வாருக்கும் அதுதான். மரத்திலிருந்து எடுத்த பாலில் கரியைக் கலந்து, இழையை முக்கித் தொங்கவிட்டேன்.

காய்ந்த பிறகு பார்த்தால் முடி இல்லை. ஒவ்வொன்றும் விரல் தடிமனுக்கு, முறுக்கிக்கொண்டு, கன்னங்கரேலென்று தொங்கியது. சீப்பைப் போட்டேன், சீப்புப் பல் போயிற்று. அதற்குள் ஞாயிற்றுக்கிழமையும் வந்துவிட்டது. "சடை போட்டுட்டியாடி?" என்று வெளியிலிருந்து அம்மா கத்துகிறாள். போட்டாச்சு, போட்டாச்சு என்று நானும் கத்திக்கொண்டே, இன்னும் கொஞ்சம் பாலைத் தொட்டு என் எலிவாலோடு சேர்த்து ஒட்டி, முந்தானையால் மூடிக்கொண்டேன்.

வெளியாட்களை வேலிக்குள் விடமாட்டார்கள். அதனால் பெண் பார்ப்பதே கேட்டுக்கு வெளியே, மரத்தடி பெஞ்சில்தான். லிங்கிக்காரரும் அவர் அம்மாவும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பக்கம் அப்பா, அம்மா, முறைக்கு வெளித் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்த மாமா. கேட்டில் பெண்களைச் சோதிக்க ஒரு தமிழ் அம்மாள் இருந்தாள். காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குக் கொண்டையில் ஒளித்து அரிசி கடத்துகிறார்கள் என்று அவளுக்கு எல்லாத் தலைமேலும் சந்தேகம். என் முந்தானையைச் சட்டென்று இழுத்தாள்.

"ஆத்தா! தாயே! புள்ளைக்குச் சடை விழுந்திருக்கு!"

அம்மன் இறங்கின பெண்ணுக்குத்தான் அப்படித் திரிதிரியாய்ச் சடை விழும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. அந்தத் தலையில் கத்தரி படக்கூடாது, அந்தக் கழுத்தில் தாலியும் ஏறக்கூடாது. சோதனைக்கார அம்மாள் என் காலில் விழுந்து, "ஊரடங்கை எப்பத் தாயி எடுப்பாங்க?" என்று குறி கேட்டாள். எனக்கென்ன தெரியும்? போலீஸ்காரர் பதறிப்போய்த் துப்பாக்கியைக் கை மாற்றிப் பிடித்தார். லிங்கி அம்மாள் ஓடிவந்து திருநீறு கேட்டாள். மாமா தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு என்னைக் கும்பிட்டார். அந்த மனுஷன் என்னைக் கும்பிட்டு அன்றுதான் பார்த்தேன்.

வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், மாமா இனி என் பக்கமே தலை வைத்துப் படுக்கமாட்டார். ஆனால் லிங்கி அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நமக்குக் கொடுப்பினை இல்லப்பா, வா போவோம்" என்று மகன் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் எழுந்துவிட்டார்.

"சாமியுமில்ல, பூதமுமில்ல! பாராசூட்டு!" என்று கத்தி, அதைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். ஒட்டின பால் சும்மா வருமா? இருந்த எலிவாலில் பாதியும் தோலோடு பிய்த்துக்கொண்டு வந்தது. உயிரே போய்விட்டது. கையில் சடையும், தலையில் அரை எலிவாலுமாய் நின்றேன். அப்பா தரையைப் பார்த்தார். மாமா இடுப்புத் துண்டை அவிழ்த்து மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

லிங்கிக்காரர் மட்டும் தன் அம்மா கையை விட்டுவிட்டு என் பக்கம் வந்தார். ஏசப் போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"ரொம்ப வலிக்குதா?" என்றார்.

காய்ச்சல் கண்டதிலிருந்து ஊரே என் முடியைப் பற்றித்தான் பேசியது. வலிக்குதா என்று ஒருத்தர் கேட்கவில்லை, பெற்றவர்கள் உட்பட. "எரியுது" என்றேன், ஓவென்று அழுதுவிட்டேன். அவர் பெஞ்சைத் துடைத்து என்னை உட்காரச் சொல்லிவிட்டு, தாயாரிடம் திரும்பி, "இந்தப் பொண்ணுதாம்மா, முடி வளரும்லா" என்றார். மாமா பஸ்ஸுக்குக்கூடக் காத்திராமல் நடந்தே போய்விட்டார்.