பதினொரு மணிப் பிழைகள்

பாரிஸின் லா ஷப்பலில் என் மாமா நடத்திய பலகாரக் கடையில் "ஆர்?" என்று கேட்கத் தடை இருந்தது. வாசலில் நிற்பது யார் என்று கேட்கலாம். ஆனால் ரோல்ஸ் கருகினாலோ, பற்றிஸ் பெட்டி ஆள் மாறிப் போனாலோ, "எப்பிடி?" என்று மட்டும்தான் கேட்க வேண்டும். இன்று மென்பொருள் நிறுவனம் ஒன்றில் ஏழு பேர் கொண்ட குழுவை நான் நடத்துகிறேன். எங்கள் சந்திப்பு அறையிலும் அதே தடை இருக்கிறது. மேலிடத்துக்குப் பிடிக்காவிட்டாலும் அதை நான் விடப்போவதில்லை. அது எங்கிருந்து வந்தது என்று புதிதாகச் சேருபவர்கள் கேட்பதுண்டு.

2011 ஆகஸ்ட் விடுமுறை. எனக்குப் பத்து வயது. அம்மா வேலைக்குப் போகும் வழியில் புறநகரான கார்ஜிலிருந்து ரயிலில் கூட்டிவந்து, என்னைக் கடையில் விட்டுவிட்டுப் போவார். அங்கே நான்கு பேர்: மாமா, மாமி, பொரிக்கும் அக்கா, சாப்பாட்டுக் கோப்பைகள் கழுவும் அண்ணை. காலை பதினொரு மணிக்கு, மதியச் சனம் வருமுன், கதவைப் பூட்டிவிட்டு எல்லாரும் குசினி மேசையில் ஒன்றாகச் சாப்பிடுவோம். பரிமாறுவது மாமாதான். சாப்பிட்டுக்கொண்டே ஒவ்வொருவரும் முதல் நாள் தாங்கள் விட்ட பிழையைச் சொல்ல வேண்டும்.

முதலில் மாமா. "நேற்று போனிலை ஓடர் எடுத்தன். எந்த நாளுக்கு எண்டு கேக்க மறந்திட்டன்."

கடைசியில் அண்ணை. அவரிடம் எப்போதும் இரண்டு மூன்று இருக்கும். "இவர் சொல்லி முடிக்கச் சோறு ஆறிப்போகும்" என்று மாமி சிரிப்பார். பிறகு, அது எப்படி நடந்தது என்று பேசி ஒரு வழி கண்டுபிடிப்பார்கள். பொரிப்பதில் வடைக்கு ஒரு தாச்சி, மீன் கட்லட்டுக்கு ஒரு தாச்சி என்று வைத்ததும், மிஞ்சும் எண்ணெயை மறுநாளுக்கு ஊற்றி வைக்கும் இரண்டு ரின்களுக்கும் பச்சை, சிவப்பு என மூடி போட்டதும் அந்த மேசையில்தான்.

எனக்குப் பட்டியல் போடுவதில் அப்போதே பிரியம். மூன்று வாரம் எல்லாருடைய பிழைகளையும் கொப்பியில் குறித்தேன். பிறகு ஒரு பெரிய தாளில் கோடு போட்டு, யார் எத்தனை பிழை என்று எழுதி, வரிசைப்படுத்தி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். பிழை குறைந்த மாமி முதலாமிடம். அண்ணை கடைசி. கடைசிப் பெயருக்குச் சிவப்புப் பேனை.

மாமா நின்று பார்த்தார். "நல்ல வடிவா எழுதியிருக்கிறாய் பிள்ளை" என்றுவிட்டுப் போனார். அண்ணை கையைத் துடைத்தபடி கொஞ்சம் அதிக நேரம் அதைப் படித்தார்.

மறுநாள் பதினொரு மணிக்கு மாமா தன் பிழையைச் சொன்னார். அக்கா மாமாவைப் பார்த்து, "எனக்கு நேற்று ஒண்டும் இல்லை அண்ணை" என்றார். கோப்பை கழுவும் அண்ணை சோற்றைப் பார்த்தபடி, "எனக்கும் இல்லை" என்றார். அதற்கடுத்த நாளும் அப்படியே. நான் பெருமையோடு பூச்சியங்களைப் போட்டேன். மாமாவால் பல வருடமாக நிறுத்த முடியாத பிழைகளை என் ஒரு தாள் நிறுத்திவிட்டது.

மூன்றாம் நாள் கோயில் தேர். பியர்ஃபித் என்ற ஊரிலிருந்து ஒரு குடும்பம், நேர்த்திக்கடனுக்காகத் தெருவில் கொடுக்க வடை கேட்டிருந்தது. விடியவே சுட்டுப் பெட்டிகளில் அடுக்கியாகிவிட்டது. மாமி ஒன்றைப் பிய்த்து முகர்ந்தார்.

"இஞ்சை பாருங்கோ. வடையிலை மீன் மணக்குது."

மாமி தாச்சியையும் முகர்ந்தார்.

"ஆர் இந்த எண்ணெயை—"

"எப்பிடி எண்டு கேளும்" என்றார் மாமா.

மாமி அப்படியே கேட்டார். ஒருவரும் தன் பிழை என்று சொல்லவில்லை. மாமா பெட்டிகள் அத்தனையையும் குப்பையில் கொட்டினார். அந்தக் குடும்பத்துக்குப் போன் எடுத்து உள்ளதைச் சொன்னார். உழுந்து ஊறப்போட நேரமில்லை. ஆளுக்கொரு பக்கம் ஓடி, தெருவில் இருந்த கடைகளிலெல்லாம் ரின்னில் அடைத்த கடலை வாங்கி வந்து தாளித்தார்கள். தேர் எங்கள் வாசலுக்கு வந்தபோது கடலை சூடாக இருந்தது. சனம் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கியது.

தேர் போனபின் கடைக்குள் வந்த மாமா என் பட்டியலைக் கிழிக்காமல் கழற்றி, மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "வடை போனால் திரும்பச் சுடலாம்" என்று மாமியிடம் சொன்னார். "இதுகள் வாயை மூடினால் கடையைப் பூட்ட வேண்டியதுதான்."

மறுநாள் மேசையில் மாமா சொன்னார்: "உந்தத் தாளை ஒட்டினவுடனை கழட்டியிருக்க வேணும். பிள்ளையின்ரை தமிழைப் பாத்துச் சந்தோசத்திலை விட்டிட்டன். அது என்ரை பிழை." மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்கள். அடுத்த நாளும் மாமா மட்டும். அதற்கடுத்த நாளும் மாமா மட்டும். அவர் விடுவதாக இல்லை. புதிய பிழைகள் தீர்ந்ததும் பழையவற்றை எடுத்தார்.

"வந்த புதிசிலை ஒரு பிரெஞ்சு ரெஸ்ரோறன்ரிலை கோப்பை கழுவினன். ஒண்டு உடைஞ்சால் ஆர் எண்டுதான் முதல் கேள்வி. நான் உடைஞ்ச துண்டுகளை ஜக்கெற்றுக்குள்ளை வைச்சு மெத்ரோவிலை கொண்டுவந்து, இஞ்சை சந்திக் குப்பையிலை போடுவன். ஒரு நாள் நெரிசலிலை துண்டு விலாவிலை குத்திப்போட்டுது. ஆஸ்பத்திரியிலையும் விழுந்திட்டன் எண்டுதான் சொன்னன்."

மாமி சிரிக்கவில்லை. கோப்பை கழுவும் அண்ணை கையில் எடுத்த சோற்றைத் திரும்பக் கோப்பையில் வைத்தார்.

"அண்ணை, அந்த எண்ணெய் நான்தான். எண்ணெயோடை இருந்த ரெண்டு ரின்னின்ரையும் மூடியைக் கழட்டிக் கழுவேக்கை மாறிப்போச்சு. அண்டு இரவே தெரியும். சொல்லேல்லை."

"ஓம்" என்றார் மாமா. "மூடியைக் கழட்டினால் ரெண்டு ரின்னும் ஒரே மாதிரித்தான் இருக்கு. இனி ரின்னுக்கும் நிறம் அடிப்பம்."

சொல்லிக்கொண்டே சட்டியில் கடைசியாக இருந்த மீன் கட்லட்டை எடுத்து அண்ணையின் கோப்பையில் வைத்தார். உடனே அக்காவும், பிறகு மாமியும் தங்கள் பிழைகளைச் சொல்லத் தொடங்கினார்கள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. கொப்பியைத் திறந்து இன்னொரு தரம் சரிபார்த்தேன். அந்த வாரம் முழுக்க ஒரு பிழையும் விடாத ஒரே ஆள் அந்த மேசையில் நான்தான். அந்தக் கட்லட் நியாயப்படி எனக்கு வந்திருக்க வேண்டும்.