கட்டாமல் விட்ட பிடி

தங்கச்சிக்கு மூன்றாவது ஓலை வாசிக்கிற ஞாயிறு அது. எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பெண் பேரையும் மாப்பிள்ளை பேரையும் வாசித்து, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்பார்கள். இரண்டு வாரம் நல்லபடியாகப் போய்விட்டது. மூன்றாவதுக்கு மாப்பிள்ளையின் அம்மா ராணிப்பேட்டையிலிருந்து நேரில் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். எதற்கு நேரில் வரவேண்டும்? ஏதாவது கேள்விப்பட்டிருப்பாரோ? அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா போனதும் எட்டாவதோடு படிப்பை விட்டுத் தறியில் உட்கார்ந்தவன் நான். நடக்காததை நினைத்துப் பயப்படுவது அன்றிலிருந்து என் கூடவே இருக்கிறது.

விடிந்ததும் பக்கத்து வீட்டு அக்கா வாசலில் வந்து நின்றாள். நாங்கள் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த பிறகு அவள் புருஷன் எங்களை வாசப்படி ஏற்றியதில்லை. பட்டு வேகவைக்கிற தண்ணீர் கொட்டி அவருக்கு வலது கை வெந்துபோயிருந்தது.

"பாவு பிணைக்கிற ஆளு பாதியில எழுந்து ஐயம்பேட்டைக்கு சாவுக்கு போய்ட்டாரு தம்பி. நாளைக்கு தறி ஓடலன்னா பாவை முதலாளி வேற வீட்டுக்கு தூக்கிக் குடுத்துடுவாரு."

"அண்ணன் ஒத்துக்குவாராக்கா?"

"அவரு சுவத்த பாத்துக்கினு படுத்துக்கினு இருக்குறாரு. நீ வா."

ஒன்பது மணிக்கு ஆராதனை. வெள்ளைச் சட்டையைக் கழற்றி வைக்காமலே போனேன். போன வாரம்தான் எங்கள் பாதிரி ஐயர் பிரசங்கத்தில், பிறனை நேசிப்பது வாயில் இல்லை என்று சொல்லியிருந்தார். அதற்காகத்தான் போனேனா, போகாவிட்டால் நாளெல்லாம் அது என்னைத் தின்னும் என்ற பயத்தில் போனேனா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

தறியில் நீளவாக்கில் ஓடுகிற பழைய பாவின் ஒவ்வொரு இழை முனையையும் புதுப் பாவின் முனையோடு சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கவேண்டும். முடிச்சு கிடையாது. ஒரு பிடி இழை சேர்ந்ததும் நூலால் கட்டிவிடவேண்டும், கட்டாவிட்டால் பிரிந்துவிடும். அடுப்புச் சாம்பல் ஈரமாக இருந்தது. அக்கா சாமி மாடத்திலிருந்து திருநீற்றுத் தட்டை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள். ஒரு கணம் தயங்கினேன். அப்புறம் விரலை வைத்தேன்.

அண்ணன் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "வேதக்காரன் கையில திருநீறு. நல்லா இருக்குதுப்பா."

கோயில் மணி அடித்தது, எங்கள் கோயில் மணி. கடைசிப் பிடியில் கொஞ்சம் இழைதான் பாக்கி. அப்படியே எழுந்து ஓடினேன். வேர்வையைக் கையால் துடைத்துக்கொண்டே ஓடினேன்.

உள்ளே நுழைந்ததும் தலைகள் திரும்பின. தங்கச்சி தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். மூன்று விரலும் பதிந்து பட்டையாக இருந்திருக்கிறது. சட்டைக் கையால் தேய்த்தேன். அதற்குள் எல்லோரும் பார்த்தாகிவிட்டது, மாப்பிள்ளையின் அம்மாவும். ஐயர் ஓலையை எடுத்தார். ஆட்சேபணை உண்டா என்றார். அந்த அம்மா புடவையைச் சரிசெய்தார். எழுந்திருக்கப் போகிறார் என்றே நினைத்தேன். எழுந்திருக்கவில்லை. ஐயர் பாட்டைச் சொன்னார்.

பாட்டு எனக்கு ஓடவில்லை. கடைசிப் பிடியைக் கட்டவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

வெளியே அந்த அம்மா என்னை மடக்கினார். "நெத்தியில என்னப்பா அது?"

அடுப்புச் சாம்பல் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். தங்கச்சி பின்னால் நின்றுகொண்டிருந்தாள். "திருநீறுங்க. பக்கத்து வீட்டு பாவு பிணைச்சேன். அவருக்கு கை வெந்துபோச்சு. விரலுக்கு அதைத்தான் குடுத்தாங்க."

"முடிச்சிட்டியா?"

"இல்லீங்க. கடைசிப் பிடியை கட்டாம வந்துட்டேன்."

"கட்டலன்னா?"

"பிரிஞ்சுடும்."

"அப்ப இங்க நின்னுக்கினு எனக்கு என்ன பதில் சொல்லிக்கினு இருக்கிற? போ."

அது கோபமா, குத்தலா, நிஜமாகவே சொன்னதா, தெரியவில்லை. கல்யாணம் நடந்தது. அதற்கப்புறம் எத்தனையோ தடவை அவரைப் பார்த்தும் கேட்கத் தைரியம் வரவில்லை.

ஓடினேன். அக்கா நான் விட்ட இடத்தில் குந்தி, அந்தப் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். விரல் வெளுத்துப்போயிருந்தது. அண்ணன் சுவர்ப்பக்கமிருந்து எழுந்து வந்து, இடது கையில் விசிறியோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"நான் திரும்பி வரேன்னு சொல்லலியேக்கா."

"நீ எங்க சொன்ன? விட்டா போய்டுமேன்னு பிடிச்சிக்கினு இருக்குறேன். சீக்கிரம் கட்டுப்பா, கை மரத்துப்போச்சு."

அவர் திருநீற்றுத் தட்டை இடது கையால் என் பக்கம் தள்ளினார்.