திறக்காத மூன்றாம் கதவு

இதைப் படித்துவிட்டு, "இன்ஜின் சத்தத்தில் உன் காது குழம்பியிருக்கும்" என்று சொல்லப்போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்போது இன்ஜின் ஓடவில்லை. என் காதும் நன்றாகத்தான் இருக்கிறது. நம்பாவிட்டால் போங்கள். நடந்தது நடந்ததுதான்.

நான் ஒரு சரக்குக் கப்பலில் ஆயிலர். இன்ஜினுக்கு எண்ணெய் பார்ப்பது, கிரீஸ் வைப்பது, கசிவைத் துடைப்பது என் வேலை. ஒரு சொட்டை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் போதும். டீசலா, லூப் ஆயிலா, தண்ணீர் கலந்துவிட்டதா என்று சொல்லிவிடுவேன். "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கும்மா இந்த எண்ணெய்க் குளியல்?" என்று கேட்ட வாய்கள் எல்லாம் மூடிக்கொண்டன, ஒரு வாயைத் தவிர. அது எங்கள் ஃபிட்டருடையது. நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னைக் கழுதை என்பார். கோபம் வந்தால் எருமை. பாசம் வந்தாலும் எருமைதான்.

அன்றைக்குப் பகல் இரண்டு மணி பத்து நிமிடம். நடுராத்திரி என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். ஆனால் பட்டப்பகல். கடல் மட்டத்துக்குக் கீழே, குழல்விளக்கு வெளிச்சத்தில், எல்லா நேரமும் ஒரே நேரம்தான்.

அலாரம் அடித்தது. எண்ணெய் ஆவி அலாரம்.

இன்ஜினின் அடிவயிற்றைக் கிராங்க்கேஸ் என்போம். ஆள் நுழையும் அளவுக்கு இரும்புக் கதவுகள் வரிசையாக இருக்கும். உள்ளே ஒரு பேரிங் எண்ணெய் கிடைக்காமல் காய்ந்தால், அந்தச் சூட்டில் மற்ற எண்ணெயும் ஆவியாகி வெள்ளை மூட்டமாக நிறைந்துவிடும். எரிய எண்ணெய் இருக்கிறது. பற்றவைக்கச் சூடு இருக்கிறது. காற்று மட்டும் போதாது. கதவைத் திறந்தால் அதையும் நாமே ஊட்டிவிடுவோம். பிறகு நம்மைச் சுவரிலிருந்து சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அதனால், இன்ஜினை நிறுத்தினாலும் குறைந்தது அரை மணி நேரம் கதவைத் தொடக் கூடாது. இந்த விஷயத்தில் அவசரப்பட்டவர் யாரும் இரண்டாம் தடவை அவசரப்பட்டதில்லை.

செகண்ட் இன்ஜினியர் இன்ஜினை நிறுத்தினார். "எல்லாரும் மேல ஓடுங்க!"

மேலே போய்த் தலையை எண்ணினால், ஃபிட்டர் இல்லை.

"அண்ணன் எங்க சார்?"

"கீழதானே இருந்தான்?"

காலையில், துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் முன், கிராங்க்கேஸுக்குள் கடைசியாக இறங்கித் துடைத்தவர் அவர்தான். அவர் வெளியே வந்ததை நான் பார்க்கவில்லை.

"நான் பார்த்துட்டு வர்றேன் சார்."

"பைத்தியமா உனக்கு? நில்லு!"

நிற்கவில்லை.

இரும்புப் படிகளில் இறங்கினேன். பட்டறையில் ஆள் இல்லை. பம்ப் பக்கம் இல்லை. எண்ணெய் கருகும் வாடை மட்டும். எப்போதும் இடி மாதிரி முழங்கும் இடத்தில் அன்றைக்கு என் மூச்சு எனக்கே கேட்டது.

அப்போது...

டங்... டங்... டங்...

மூன்றாம் கதவு. உள்ளேயிருந்து.

"அண்ணே?"

"திற..." அவர் குரல். அதே கரகரப்பு. "மூச்சு முட்டுது... திற..."

சற்று முன்புவரை ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் அது. உள்ளே ஆள் இருந்திருந்தால் குரல் இருக்காது. ஒன்றுமே இருக்காது. என் புத்திக்குத் தெரிந்தது. கைக்குத் தெரியவில்லை. அது கதவின் பிடிக்குப் போய்விட்டது.

"திறம்மா... தங்கச்சி..."

கை நின்றது.

தங்கச்சியா?

"எங்க அண்ணன் என்னை மரியாதையாக் கூப்பிட்ட நாளே கிடையாது," என்றேன். கத்தியே சொன்னேன். "நீ யாரா வேணா இரு. இது ஆறாம நான் திறக்க மாட்டேன். என்ன பண்ணுவியோ பண்ணிக்க!"



பிறகு, கிரீச்...

பிடி தானாகத் திரும்பியது.

கையுறையோடு பாய்ந்து பிடித்தேன். அது இழுத்தது.

நானும் இழுத்தேன்.

அது விடவில்லை...

நானும் விடவில்லை.

படியில் தடதடவென்று காலடி. பிடி சட்டென்று தளர்ந்தது. திரும்பினால், ஃபிட்டர். முழங்கை வரை கிரீஸ். முகத்தில் ரத்தமே இல்லை. ஓடி வந்தவர் என் கையுறைகளை உருவி எறிந்தார். என் இரண்டு கைகளையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அப்புறம்தான் வாய் திறந்தது.

"ஏறுடி மேல, எருமை!"

என் வாழ்நாளில் அவ்வளவு இனிப்பான வார்த்தையை நான் கேட்டதில்லை.

நன்றாக ஆறிய பிறகு செகண்ட் இன்ஜினியர் மூன்றாம் கதவைத் திறக்கச் சொன்னார். உள்ளே ஒரு பேரிங் கருகிக் கிடந்தது. வேறு ஒன்றும் இல்லை.

"முன்னாடியே திறந்திருந்தா கப்பலுக்கு ரெண்டு ஆள் புதுசா தேடியிருக்கணும்," என்றார். யாரும் சிரிக்கவில்லை.

மாலை தேநீரின்போது ஃபிட்டரிடம் கேட்டேன். "எங்கண்ணே போயிருந்தீங்க?"

"பின்னாடி, சுக்கான் அறையில. கிரீஸ் வச்சிட்டிருந்தேன். அலாரம் எனக்குக் கேக்கல. போன் அடிச்சதுனாலதான் ஓடி வந்தேன்."

"யார் கூப்பிட்டா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "நீதான்."

"நான் போனைத் தொடவே இல்லண்ணே."

"தெரியும். உன்னைப் பார்த்தப்பவே தெரிஞ்சுபோச்சு."

"என்ன சொன்னேன்?"

கோப்பையைக் கீழே வைத்தார். வைப்பதற்குள் பாதி சிந்திவிட்டது.

"அழுத. 'நீங்கதானே திறக்கச் சொன்னீங்க... திறந்துட்டேன்... என் கை ரெண்டும் எங்கண்ணே...'ன்னு கேட்ட."

மறுநாள் மூன்றாம் கதவின் போல்ட்டுகளை இறுக்கியது நான்தான். இந்த இரண்டு கைகளாலும்.