திண்டிவனத்துக்கு ஸ்கூட்டரில்

1947 பிப்ரவரி 9, ஞாயிறு, காலை 5.40. மந்தைவெளியில் பனி இறங்கிக்கொண்டிருந்தது; காற்று இல்லை. வீட்டைப் பூட்டி, பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு ஸ்கூட்டரைத் தெருவில் இறக்கினேன். திண்டிவனத்துக்குப் போய் என் மனைவியை அழைத்துவர வேண்டும். அவள் பிறந்த வீட்டுக்குப் போய் ஐந்து மாதமும் பதினொரு நாளும் ஆகியிருந்தன.

பெரிய சண்டை ஒன்றும் இல்லை. தீப்பெட்டியில் குச்சி சீக்கிரம் குறைகிறதே என்று கேட்டேன். "குச்சிய எண்ற மனுஷனோட எத்தனை நாள் இருக்கறது?" என்றாள். தம்பி கல்யாணத்துக்கென்று போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். பிறந்த வீட்டிலிருந்து மனைவியைப் புருஷன் நேரில் போய் அழைத்துவருவதுதான் எங்கள் வழக்கம். நானோ ஒன்பது கடிதம் போட்டேன். பதிலுக்கு ஒரே ஒரு கார்டு வந்தது: "வந்து கூப்பிட்டால் வருகிறேன்."

ஸ்கூட்டர், யுத்தம் முடிந்து அமெரிக்கப் பட்டாளத்தார் விட்டுப்போனது. அவள் ஊருக்குப் போன பிறகு டிஸ்போசல் ஏலத்தில் வாங்கினேன். சின்னச் சக்கரம், பெரிய உடம்பு. அபிராமபுரம், தேனாம்பேட்டை வழியாகச் சைதாப்பேட்டை ஆபீஸுக்கு தினம் அதில்தான் போனேன். மந்தைவெளி முனையில் ஜட்கா வண்டிக்காரர் ஒருவர் தவறாமல் கேட்பார்: "இன்னா ஐயரே, எருமைக்குத் தண்ணி காட்னியா?" அந்த நாளில் காலையில் என்னிடம் பேசிய முதல் ஆள் பெரும்பாலும் அவர்தான். சில நாள் கடைசி ஆளும் அவரே.

திண்டிவனம் எழுபத்தைந்து மைல். டாங்கில் ஒன்றரை காலன் பெட்ரோல் பிடிக்கும்; காலனுக்கு ஐம்பது மைல். போவதற்குச் சரியாக இருக்கும், திரும்ப வராது. பெட்ரோலுக்குக் கூப்பன் இருந்த காலம். வெளியூரில் கேட்டு வாங்க முடியாது. ஆகவே இரண்டு மாதக் கூப்பனைச் சேர்த்து, டின்னில் பெட்ரோல் கொண்டுபோக முடிவு செய்தேன். சாந்தோமில் பட்டறை வைத்திருந்த பாய் வண்டியின் பின்பக்கம் இரும்புச் சட்டம் வைத்துப் பற்றவைத்தார்.

"ரெண்டு காலன் டின்னா? ரங்கூனுக்கா போய்க்கினு கீறே?"

"திண்டிவனம்."

"அதுக்கா இம்மாம் ஏற்பாடு? ரயிலு செத்தா பூட்ச்சு?"

ரயில் இருந்தது. ஆனால் அவள் அந்த வண்டியைப் பார்த்ததில்லை. அவளை அதில் வைத்து அடையாறு பாலத்தைத் தாண்டி வரவேண்டும் என்று நினைத்திருந்தேன். இதைப் பாயிடம் எப்படிச் சொல்வது?

தாம்பரத்துக்குப் பிறகு பனி விலகியது. செங்கல்பட்டில் ஒரு காப்பி. மதுராந்தகம் ஏரிக்கரையில் எஞ்சின் சூடு ஆறப் பதினைந்து நிமிடம் நின்றேன். ஏரியில் ஓர் ஆள்கூட இல்லை. அதன் பிறகு அவள் பின்னால் உட்கார்ந்திருப்பதாகவே நினைத்துக்கொண்டு உரக்கப் பேசிக்கொண்டு போனேன். இனி எண்ண மாட்டேன் என்றுகூடச் சொன்னேன். சொல்லிவிட்டு அடுத்த மைல்கல்லைப் பார்த்தேன்.

பத்து மணி ஐந்து நிமிடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். தெருவே கூடிவிட்டது. மாமனார் சிரித்துக்கொண்டு, "மாப்பிள்ளே, ஏரோப்ளேன்ல வந்திருக்கேளோ?" என்றார். சாப்பாடு போட்டார்கள். அவள் அதிகம் பேசவில்லை. ஆனால் மோர் ஊற்றும்போது, "இளைச்சுட்டேளே" என்றாள். பதினொன்றரைக்குத் தலை வாரி, புடவை மாற்றி, ஒரு துணிமூட்டையோடு வாசலுக்கு வந்தாள். நான் டின்னிலிருந்து பெட்ரோலை டாங்கில் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவள் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தாள்.

"நான் எங்க உக்காரணும்?"

பின்சீட்டு சாந்தோமில் பாயின் பட்டறையில் கிடந்தது. டின்னுக்கு இடம் வேண்டும் என்று நானேதான் கழற்றச் சொல்லியிருந்தேன். எடுத்துக்கொள்ள வேண்டியவை என்று இருபத்துமூன்று சாமான்கள் எழுதி, ஒவ்வொன்றாக டிக் செய்திருந்தேன். இருபத்துமூன்றும் வண்டியில் இருந்தன.

அவள் தம்பி மனைவி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். "டின் மேல ஒரு தலையணைய வெச்சுக் கட்டிடலாம்" என்றேன்.

"அதனால என்ன, மாப்பிள்ளே!" என்றார் மாமனார். "வண்டி இங்கயே இருக்கட்டும். ரெண்டு பேரும் சாயங்கால ரயில்ல போங்கோ."

அப்போது நான் சரி என்றிருக்க வேண்டும். ஒரு வார்த்தை. நான் சொன்னது வேறு: "வண்டிய எடுக்க மறுபடி வரணுமே. அது ஒரு டிக்கெட், ஒரு நாள் லீவு. ஊத்தின பெட்ரோலும் ஆவியாப் போயிடும்."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும். "நீங்க ஒருத்தருக்குத்தானே ஏற்பாடு பண்ணிண்டு வந்திருக்கேள். ஜாக்கிரதையாப் போங்கோ" என்று மூட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நாற்பது நிமிடம் வாசலில் நின்றேன். மாமனார் இரண்டு தடவை உள்ளே போய்த் தனியாகவே திரும்பினார்.

திரும்பும்போது வழியெல்லாம் பேச யாரும் இல்லை; நானும் பேசவில்லை.

ஏப்ரலில் தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவருக்கு வண்டியை விற்றுவிட்டு, ரயிலில் போனேன். அவளுக்கும் சேர்த்துத் திரும்பும் டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் போனேன். மாமனார் மட்டும் இருந்தார். அவள் வாத்தியார் பயிற்சிக்குச் சேர்ந்து, கடலூரில் விடுதியில் இருப்பதாகச் சொன்னார். பிறகு அவள் எனக்கு எழுதவில்லை. எனக்கு இப்போது எழுபத்தெட்டு வயது.

விற்ற தொகை போக, வண்டி வாங்கிய விலை, இரும்புச் சட்டம், டின், பெட்ரோல், பயன்படாத அந்த டிக்கெட் எல்லாம் சேர்த்து எனக்கு ஆனது நூற்றெழுபத்துமூன்று ரூபாய் ஆறணா.