கிள்ளாத கை

கொரோனா ஓய்ந்து மலைப்படியில் மறுபடியும் காவடிகள் ஏறிய வருஷத்தில்தான் வரதசாமி எனக்குப் பழக்கம். போன வாரம் காலையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன், அவர் போய்விட்ட சேதி வந்தது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள்.

மலைக்கோயில் மடப்பள்ளியில் அவர் கிண்டிய பொங்கலை நீங்கள் எல்லோரும் சாப்பிட்டிருப்பீர்கள். பக்கவாதம் வந்த பிறகு அவருக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடப் புரையேறியது. எனக்கும் அதே கதை. அரக்கோணத்து ரயில்வேக்காரர் தாமோதரனோடு மூன்று பேராக ஆஸ்பத்திரிக்கு விழுங்கும் பயிற்சிக்குப் போனோம். மல்லாந்து படுத்து, தோள் எழும்பாமல் தலையை மட்டும் தூக்கி, கால் கட்டை விரலைப் பார்க்க வேண்டும்.

"அறுபது வருஷமா அடுப்பைப் பாத்துகினு இருந்தவன்யா, இப்பத்தான் என் காலைப் பாக்கறேன்" என்பார் சாமி.

"தாத்தா, கதை போதும். தலை எறங்கிடுச்சு, தூக்குங்க" என்று அதட்டுவார் பயிற்சி கொடுக்கும் தேன்மொழியம்மா.

சாமிக்குக் கஷ்டம் வேறு. மோவாயை நெஞ்சோடு தாழ்த்தி, டம்ளரை உதட்டில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொன்னார்கள்; அண்ணாந்தால் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடுமாம். எச்சில் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொண்டே பழகிய குடும்பம். சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துதான் குடிப்பார்.

"யோவ் ஏகாம்பரம், நாலு பேர் எதிர்ல நான் அண்ணாந்தா தொடையில கிள்ளிடு."

"ஆங், ரத்தம் வர்ற மாதிரி கிள்றேன் சாமி."

போன மாதம் அவர் பேத்தி கல்யாணம். பந்தியில் பக்கத்து இலையில் என்னை உட்கார வைத்தார். எதிரே திருப்பதி சம்பந்தி வீட்டார். "இன்னா பாவா, தண்ணியே தொடலயே?" என்று தெலுங்கில் முறை சொல்லிக் கேட்டார் ஒருவர். சாமி டம்ளரைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார், தலையை அண்ணாந்தார். என் கை அவர் தொடைவரை போனது. இத்தனை பேர் முன்னால் மடப்பள்ளி மனிதரை ஒரு தறிக்காரன் கிள்ளுவதா என்று இழுத்துக்கொண்டேன். புரையேறியது. கண் சிவக்க இருமிவிட்டு, "ரசம் காரம்" என்று சிரித்துச் சமாளித்தார்.

பிறகு காய்ச்சல், நெஞ்செல்லாம் சளி. ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன். "இன்னாய்யா, நகம் வெட்டிட்டியா?" என்றார். நான் கையை வேட்டி மடிப்புக்குள் மறைத்துக்கொண்டேன்.

இப்போது யார் எதிரில் இருந்தாலும் மோவாயைத் தாழ்த்தித்தான் குடிக்கிறேன். அவரால் முடியாததை அவருக்காகச் செய்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறேன். அவருக்கு அது உதவாது.

நேற்று பயிற்சிக்குப் போனேன். தாமோதரன் தை மாதமே இறந்துவிட்டார். தேன்மொழியம்மா நோட்டைப் பிரித்து, "வரத..." என்று கூப்பிட ஆரம்பித்து நிறுத்திவிட்டார். மிச்சமிருக்கிற பெயரை நானே சொல்லிவிட்டுப் படுத்தேன்: ஏகாம்பரம்.